காரணம் கேட்காத சீட்டு

எங்கள் காய்கறிக் கூட்டுறவில் இப்போது காகிதச் சீட்டு இல்லை. கைப்பேசியில் ஒரு செயலி வந்துவிட்டது. வேண்டாத காய்கறியின் படத்தைத் தொட்டால் அதன்மேல் சிவப்புக் கோடு விழுகிறது. போன மாதம் அதைச் செய்துகொடுத்த பிள்ளைகள் என்னிடம் காட்ட வந்தார்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும், வேண்டாம் என்று தொட்டதும் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் திறந்தது. பிடிக்காது, விரதம், ஒவ்வாமை, நோய் என்று வரிசையாகக் கேட்டது. அதை எடுத்துவிடச் சொன்னேன். தகவல் இருந்தால் நல்லதுதானே ஆன்ட்டி என்றார்கள். நான்கு பேருக்கு முன்னால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டத்தை அன்றே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் எழுதித் தருவதாகச் சொன்னது சொன்னதுதான்.

இதில் வரும் மணியம் அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேரை மட்டும் மாற்றிவிடு என்றார். மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். பள்ளி முடிந்த கையோடு ஒரு மின்னணுக் கம்பெனியில் சேர்ந்து இருபத்தாறு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகள் வரும். ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புக் கூடை. இல்லாவிட்டால் நீலக் கூடை. வாய் திறக்க வேண்டியதில்லை. பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்வதற்கே எனக்குக் குரல் எழும்பாது. அப்படிப்பட்டவளுக்கு அந்த வேலை பொருத்தமாக இருந்தது.

என் கணவர் பேருந்து ஓட்டினார். சிறுநீரகம் பழுதாகி, நான்கு வருடம், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வந்தார். கூடவே நானும் போய் வந்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் கம்பெனியும் வேறு நாட்டுக்குப் போனது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகன் சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவான். மற்ற ஆறு நாளும் வீட்டில் தொலைக்காட்சியின் குரல் மட்டும்தான்.

அப்போதுதான் உலு திராமில் தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் மளிகைக் கடைச் சுவரில் அந்தத் தாளைப் பார்த்தேன். கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். 'காய்கறிக் கூட்டுறவுக்குத் தொண்டூழியர் தேவை. சனிக்கிழமை காலை. சம்பளம் இல்லை. அதிகம் பேசாதவர்கள் விரும்பப்படுவர்.' கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். என்னைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எழுதியவர் அம்பலவாணர். நாங்கள் அம்பலம் சார் என்போம். அரசாங்க மருத்துவமனையில் உணவுப் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கூட்டுறவைத் தொடங்கினார். இலங்கைத் தமிழர். அவருடைய தாத்தா ரயில்வேயில் வேலை பார்க்க இங்கே வந்தாராம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் எவ்வளவு என்பது துடைக்கும் நேரத்தில் தெரியும். நன்றாகச் செய்தால் 'சரி' என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கூட்டுறவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுவட்டாரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் சில குடும்பங்கள் சனிக்கிழமை காலை தாமான் பொதுமண்டபத்துக்குச் சரக்கைக் கொண்டுவருவார்கள். நாற்பது உறுப்பினர் வீடுகள். நாற்பது பெட்டிகளை நிரப்ப வேண்டும். யாரும் எதையும் பொறுக்கி எடுக்க முடியாது. அந்த வாரம் நிலம் என்ன கொடுத்ததோ அதுதான்.

முதல் சனிக்கிழமை என்னைப் பயத்தங்காய், கத்தரிக்காய் மேசையில் விட்டார். நான் என் வழக்கப்படி வேலை செய்தேன். வளைந்தது, தழும்பு விழுந்தது, நுனி கறுத்தது எல்லாம் ஒரு கூடைக்குப் போயின. அந்தக் கூடை சிவப்பாக இருந்தது என் கெட்ட நேரம். அரை மணியில் மூன்றில் ஒரு பங்கு அதில் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவற்றைப் பயிரிட்ட பெண்மணி கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் மண் காயவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பலம் சார் வந்தார். கூடையிலிருந்து ஒரு பயத்தங்காயை எடுத்தார்.

"இதில என்ன பிழை?"

"வளைஞ்சிருக்கு சார்."

"சட்டியில போனா நிமிர்ந்திடும்," என்று மேசையில் வைத்தார். இப்படியே கூடை முழுவதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உண்மையிலேயே அழுகியவை நாலைந்துதான் கடைசியில் மிஞ்சின. அந்தப் பெண்மணி அதற்குப் பிறகுதான் அடுத்த கூடையை இறக்கப் போனார்.

"கோணலை எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவில போடும்," என்றார் சார் என்னிடம். "நல்லதைப் பங்குபோடுறது லேசு, பிள்ளை."

அதுதான் எங்கள் முறை. எல்லாப் பெட்டியிலும் நல்லதும் ஒரே அளவு, குறை உள்ளதும் ஒரே அளவு. ஒரு பெட்டியில் வெடித்த தக்காளி இரண்டு இருந்தால் நாற்பதிலும் இரண்டு. பெட்டியை நிரப்பும்போது அது யாருக்குப் போகும் என்று நிரப்புபவருக்குத் தெரியக் கூடாது. எல்லாம் நிரப்பி மூடிய பிறகுதான் எண் அட்டையைக் கொண்டுவந்து, வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றாகச் செருகுவோம். எண் பார்த்து நல்ல பெட்டியாக யாருக்கும் ஒதுக்க முடியாது. மண்டபத்து வாசலில் ஒரு மாற்று மேசை உண்டு. பெட்டியில் வந்த ஏதாவது ஒன்று வேண்டாம் என்றால் அதில் வைத்துவிட்டு, வேறொருவர் வைத்துப்போனதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வருடத்தில் நான் நிரப்பும் மேசைக்கும் அட்டை செருகும் வேலைக்கும் பொறுப்பாகிவிட்டேன். வாரத்தில் என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிடும் இடம் அது ஒன்றுதான். சனிக்கிழமைக்காகப் புதன்கிழமையே சேலையை மடித்து வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டேன். காய்கறி பிரிக்கப் போகிறவள் சேலை கட்டுவாளா என்று மகன் கிண்டல் செய்வான். மேலே கவசத்துணி கட்டிக்கொள்வேனே என்பேன்.

மணியம் அண்ணன் பெட்டி எண் பதினேழு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவியை இழந்து மகளோடு இருந்தார். மண்டபத்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்கும். "என்ன சரோ, இன்னிக்காவது பேசுவியா, இல்ல அடுத்த சனிக்கிழமையா?" என்பார். நான் சிரித்து வைப்பேன். ஒரு காலகட்டத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. அவரும் நீளக்கை சட்டையில் வர ஆரம்பித்தார். வெயில் கொளுத்தும் நாளில் மணிக்கட்டுவரை பொத்தான். முன்பெல்லாம் இரண்டு கையிலும் தூக்கும் பெட்டியை வலது இடுப்பில் மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். இடது கை சும்மாவே தொங்கியது.

வாசலில் நின்று கவனித்தேன். மாற்று மேசையில் கீரையை வைத்தார். தக்காளியை வைத்தார். பதிலுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் மரவள்ளிக்கிழங்கு வந்தது, அதையும் வைத்தார். பாதிப் பெட்டியோடு வீட்டுக்குப் போனார்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டயாலிசிஸ் ஊசிக்காக என் கணவரின் இடது கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அது கயிறு போலப் புடைத்திருக்கும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. அவரும் நீளக்கை சட்டைதான் போடுவார். கீரை, தக்காளி, கிழங்கு எல்லாம் எங்கள் வீட்டிலும் நின்றுபோன சாமான்கள்.

மணியம் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. சொல்லாததை நான் எப்படிக் கேட்பேன்? நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்பதற்கே எனக்கு மூச்சு முட்டும். அதனால் பேசாமல் செய்யக்கூடியதைச் செய்தேன். நாற்பது பெட்டியில் ஒன்றை மட்டும் வேறு மாதிரி நிரப்பினேன். கீரை, தக்காளி இருக்காது. அவற்றின் எடைக்குச் சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய். அட்டை செருகும்போது பதினேழை அதில் செருகினேன். ஆறு வாரம் இப்படிப் போனது. ஆறு வாரமும் அவர் மாற்று மேசைப் பக்கம் திரும்பவில்லை. முழுப் பெட்டியோடு போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருபத்தாறு வருடத்தில் நீலக் கூடைக்கு அனுப்பிய எந்தத் தகடும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

ஏழாவது வாரம் அட்டை செருகும் நேரத்தில் வாசலில் நின்ற சரக்கு வேனில் ஒரு கூடை கவிழ்ந்துவிட்டது. பொறுக்கி எடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் வேறு யாரோ நல்ல மனத்தோடு எல்லா அட்டைகளையும் செருகி முடித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டி பத்மா அக்காவுக்குப் போனது. கோயில் பஜனைக் குழுவில் பாடுபவர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"என்னா சார் இது, என் பெட்டியில கீரையவே காணோம்? சுரைக்காய் மட்டும் மூணு படுத்திருக்கு. நான் என்னா தம்புராவா செய்யப்போறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கீரை இருந்தது. சிரிப்பு நின்றது. அம்பலம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பெட்டி ஆர் நிரப்பினது?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"மறந்துபோனீரோ?" என்று கேட்டார். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது அப்போதே தெரிந்தது. ஆமாம் என்றால் முடிந்திருக்கும். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பேச்சுத்திறமை வேண்டும்.

"இல்ல சார். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"எத்தினை கிழமையா?"

"ஆறு."

"ஆருக்காக?"

மணியம் அண்ணன் கதவருகே நின்றிருந்தார். வலது இடுப்பில் பெட்டி. மேலாக ஒரு கட்டுக் கீரை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை ஒரு நொடிதான் பார்த்தேன். ஆறு வாரமும் ஏன் கீரை வரவில்லை என்பது அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்பதும் சேர்த்து. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. தரையைப் பார்த்தேன்.

"சொந்தக்காரங்களா இருக்கும்," என்றார் பத்மா அக்கா. "பேசாம இருக்கிறவங்கள நம்பவே கூடாது சார்."

சார் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அடுத்த கிழமை தொடக்கம் நீர் கூடை கழுவும்," என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். திட்டியிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன். இனிப் போக வேண்டாம் என்று ஐந்து நாள் முடிவோடு இருந்தேன். சனிக்கிழமை காலையில் கால் தானாகப் போனது.

மண்டபத்துக்குப் பின்னால் குழாயடி. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு விவசாயி இரண்டு பெரிய கூடை பெலிம்பிங் பழம் கொண்டுவந்தார். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் பழம். இலவசமாகக் கொடுத்தார். கழுவிக் கொடு என்று என்னிடம்தான் தள்ளினார்கள். மஞ்சள் மஞ்சளாகக் கையில் வழுக்கிக்கொண்டு போனது. என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய முதல் நாள் மலாய்க்காரத் தாதி சொன்ன முதல் வார்த்தை நினைவுக்கு வந்தது. "அங்கிள், பெலிம்பிங் ஜாங்ஙான். சிக்கிட் பூன் ஜாங்ஙான்." கொஞ்சம்கூடக் கூடாது என்றார். கீரை தக்காளி போல அளவு பார்த்துச் சாப்பிடும் விஷயமில்லை இது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தப் பழம் விஷம். விக்கல் எடுக்கும், புத்தி தடுமாறும், ஆளே போய்விடலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

மணியம் அண்ணன் வந்து இதையும் மாற்று மேசையில் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கும் தாதி சொல்லியிருப்பார். மனதைத் தேற்றிக்கொண்டு கழுவி அனுப்பினேன்.

பதினொரு மணிக்குக் கழுவிய கூடைகளை உள்ளே கொண்டுபோனேன். பத்மா அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மணியத்தின் வீட்டுக்கு இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதனால் மகள் கவிதா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனதாம். மாற்று மேசையில் மற்றவர்கள் வைத்திருந்த பெலிம்பிங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டதாம். வருகிறவர்களுக்கு ஜூஸ் போட.

அப்போதுதான் அவர் ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இப்படி என்றால் பரம்பரை நோயா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போன சம்பந்தங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் ஜூஸை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது.

சுவரில் இருந்த உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அவர் எண்ணுக்கு அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தேன். விருந்தாளி இருக்கும் வீட்டில் யார் எடுப்பார்கள்? அம்பலம் சாரிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். மணியம் அண்ணன் வீடு மூன்று சந்து தள்ளித்தான். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தோன்றவே, மேசையில் கிடந்த ஒரு சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் ஓடினேன். பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. இரும்புக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் கிளாஸ். கவிதா வெறும் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தது. மணியம் அண்ணன் கையிலும் ஒரு கிளாஸ். மஞ்சள் ஜூஸ். மாப்பிள்ளையின் அப்பா, "என்னங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க, நீங்களும் குடிங்க. பொண்ணு நல்லா போட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணியம் அண்ணன் மரியாதைக்காகக் கிளாஸை உயர்த்தினார்.

குடிக்காதீர்கள் என்று கத்தலாம். கத்தினால் ஏன் என்பார்கள். அந்த வீட்டுக்குள் அன்று வரக்கூடாத ஒரே கேள்வி அதுதான்.

பூட்ஸோடு உள்ளே நுழைந்தேன். தமிழர் வீட்டுக் கூடத்தில், பெண் பார்க்கும் நேரத்தில், காலில் பூட்ஸ், இடுப்பில் ஈரக் கவசத்துணி, கையில் சுரைக்காய். நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, ரொம்ப தாகமா இருக்கு," என்றேன்.

அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் காலைப் பார்த்தார். பளிங்குத் தரையில் வாசலிலிருந்து என் கால்வரை சேற்றுத் தடம். கவிதாதான் முதலில் பேசியது. "ஆன்ட்டி, உங்களுக்கு வேற கொண்டாரேன்," என்றது. வேண்டாம்மா என்றேன். கையிலிருந்த சுரைக்காயை என்ன செய்வதென்று தெரியாமல் மணியம் அண்ணன் மடியில் வைத்தேன்.

"யாருங்க இவங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார். காலிக் கிளாஸைப் பார்த்தார். சுரைக்காயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என் தங்கச்சி," என்றார்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். கவிதா பின்னாலேயே வந்தது. அப்பாவுக்கு இந்தப் பழம் ஒரு சொட்டும் கூடாது என்று காதோடு சொன்னேன். கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இது தெரியவில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாளில் இருந்ததாம். தாள் யாரும் பார்க்கக் கூடாது என்று அப்பா அலமாரியில் பூட்டி வைத்திருந்தாராம். அந்தப் பிள்ளை பட்டுச் சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"அழாதம்மா, மை கலைஞ்சிரும்," என்றேன். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து, மிச்சமிருந்த ஜூஸைக் கழுவுதொட்டியில் கொட்டியது. நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

அன்று மாலை அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஆனால் அன்றிரவு தூங்கப் போகுமுன் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்பாகவே மண்டபத்துக்குப் போனேன். அம்பலம் சார் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு உறுப்பினரும் தங்களுக்கு வேண்டாததை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும், அதைப் பார்த்து நாங்கள் பெட்டியை நிரப்பலாம் என்று சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

"எல்லாப் பெட்டியும் ஒண்டுபோல இருக்க வேணும் எண்டதுதானே எங்கட முறை. அதை மாத்துறதுக்கு என்ன காரணம்?"

"காரணம் கேக்காதீங்க சார்."

கண்ணாடியைக் கழற்றுவார் என்று பார்த்தேன். கழற்றவில்லை. தராசுத் தட்டில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். ஆறு வாரம், கீரை, தக்காளி, சுரைக்காய். அவர் மருத்துவமனையில் முப்பது வருடம் சாப்பாடு அனுப்பியவர். மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தட்டிலயும் ஒரு சீட்டு வைப்பம்," என்றார் மெதுவாக. "உப்பில்லை, சீனியில்லை எண்டு இருக்கும். அந்தாளுக்கு என்ன நோய் வருத்தம் எண்டு இராது. தட்டைக் கொண்டுபோறவனுக்கு அது தேவையில்லை." தராசிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "நான் இதை மறந்திருக்கக் கூடாது, சரோஜா," என்றார்.

அன்றைக்கே எல்லாருக்கும் அறிவித்தார். அதில் அவராகவே ஒரு விதியைச் சேர்த்தார். நான் யோசிக்காத விதி. நாற்பது பேரும் கட்டாயம் ஒன்றாவது எழுத வேண்டும். எல்லாம் சாப்பிடுவேன் என்று யாரும் வெறும் சீட்டைக் கொடுக்கக் கூடாது. நாலு பேர் மட்டும் எழுதினால் அந்த நாலு பேரை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் சீட்டை அவரே எழுதி, எல்லாரும் பார்க்கும்படி சீட்டுப் பெட்டிக்குள் போட்டார். பாகற்காய் என்று எழுதியிருந்தது. வாரா வாரம் கசப்பும் உடம்புக்கு வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். பத்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சீட்டில் ஆறு சாமான் இருந்தது. அதில் சுரைக்காய்க்குக் கீழே இரண்டு கோடு. சீட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை மட்டும்தான் என்றார் சார். நிரப்பும் மேசைக்கு நான் அப்படித்தான் திரும்பினேன். அதற்கு முன்னால் பத்மா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு வாய் தவறிடுச்சுடி," என்று கையில் ஒரு பொட்டலம் முறுக்கைத் திணித்தார்.

பதினேழாம் எண் சீட்டில் கீரை, தக்காளி, கிழங்கு, பெலிம்பிங் என்று நான்கும் தெளிவான எழுத்தில் இருந்தன. மற்ற முப்பத்தொன்பது சீட்டுகளுக்கு நடுவில் அது இன்னொரு சீட்டு. அவ்வளவே.

மாப்பிள்ளை வீட்டுக்கு மணியம் அண்ணன் தானே போய் உண்மையைச் சொன்னார் என்று பிறகு கவிதா சொன்னது. இரண்டு வாரம் பதில் வரவில்லையாம். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் மாப்பிள்ளையே தனியாக வந்து, டயாலிசிஸ் எந்தெந்த நாள், யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டானாம். புதன்கிழமை தனக்கு ஓய்வு நாள் என்றானாம். தீபாவளிக்குப் பிறகு திருமணம் நடந்தது. நான் அத்தை வரிசையில் நின்று பூ தூவினேன்.

எங்களுக்குள் மட்டும் அந்த நாளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் சனிக்கிழமை வருவார், இன்றைக்காவது பேசுவியா என்பார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். திருமணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கவிதா கணவனோடு அவனுடைய ஊரான யோங் பெங்குக்குப் போய்விட்டிருந்தது. மண்டபத்தில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்தார். பெட்டியை எடுத்தவர் போகாமல் நின்றார்.

"சரோ, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு கவிதா போட்ட ஜூஸ். வந்தவங்க நல்லா இருக்குன்னாங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல வேற என்னா சொல்வாங்க? நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

ஒரே மூச்சில் குடித்ததுதான். ஆனால் அந்த ருசி எனக்கு நன்றாக நினைவிருந்தது. உப்பில் ஊறிக் காய்ந்த அசாம் போய்ப் பழத்தை நிறையவே போட்டிருந்தது அந்தப் பிள்ளை.

"உப்பு கூடண்ணே," என்றேன். "நல்லாவே கூட."

அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "அவங்கம்மாவும் அப்படித்தான் போடும்."